ஐடியா, தாட், நோஷன், கான்செப்ட்: எல்லாமே ‘எண்ணம்’தானா?

மொரிஷியஸின் ரோஸ்ஹில்லிலிருந்து வந்த கேள்வி இது: “எச்எஸ்சி என்ற மேல்நிலைப் பள்ளி இறுதித் தேர்வு எழுதப்போகும் தங்கை, ஜெனரல் பேப்பர் என்ற ஆங்கிலத் தாளுக்கான கட்டுரையில் ‘ஐடியா’ என்று எழுதிய இடத்திலெல்லாம் ஆசிரியை வட்டம் போட்டிருக்கிறார். அகராதியைப் பார்த்தால் ஐடியா, தாட், நோஷன், கான்செப்ட், ஒபினியன் எல்லாவற்றுக்கும் எண்ணம், கருத்து என்றே போட்டிருக்கிறது. வித்தியாசம்தான் என்ன? எதை எங்கே போடுவது?” மரண தண்டனை பற்றித் தங்கை எழுதிய பத்தியையும் இணைத்திருக்கிறார். அதைக் கடைசியில் திருத்துவோம்.

அகராதியை மூடிவிட்டு முதலில் தமிழைப் பாருங்கள். ‘நல்ல’ என்ற ஒரே அடையை நான்கு சொற்களுக்கு முன்னால் வையுங்கள். நல்ல எண்ணம், நல்ல யோசனை, நல்ல கருத்து, நல்ல நினைப்பு. “நல்ல எண்ணத்தோடதான் செஞ்சான்” என்றால் அவன் மனதில் கெடுதல் இல்லை என்று பொருள். ஆங்கிலத்தில் அது இன்டென்ஷன். “நல்ல யோசனை” என்றால் செய்து பார்க்கலாம் என்று பொருள், அதுதான் ஐடியா. “நல்ல கருத்து” மேடையில் சொன்னதற்கும் கட்டுரையில் எழுதியதற்கும் கிடைக்கும் பாராட்டு. “நல்ல நினைப்புதான் உனக்கு!” என்றாலோ கிண்டல். தமிழ் பேசும் வீட்டில் யாரும் இந்த நான்கையும் மாற்றிப் போட மாட்டார்கள். நமக்கு வேறுபாடு தெரியாமல் இல்லை. அகராதிக்காரர் அவசரத்தில் எல்லாவற்றையும் ‘எண்ணம்’ என்ற ஒரே கூடையில் போட்டுவிட்டார், அவ்வளவுதான்.

எனவே பெயர்ச்சொல்லை மட்டும் மனப்பாடம் செய்து பயனில்லை. அதோடு எந்த வினைச்சொல் சேர்ந்து வருகிறது என்று பாருங்கள். இதற்கு நாம் வாழும் நாட்டிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது: 1968ஆம் ஆண்டின் மொரிஷியஸ் அரசியலமைப்பு. அதன் 11ஆம் பிரிவு மனச்சாட்சி உரிமையைப் பற்றியது. அங்கே வருவது ‘ஃப்ரீடம் ஆஃப் தாட்’. ‘தாட்ஸ்’ என்று பன்மையில் இல்லை, ‘எ தாட்’ என்று ஒருமையிலும் இல்லை. சிந்திப்பது என்ற செயல் முழுவதையும் குறிப்பதால் அங்கே அதை எண்ண முடியாது. மதத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையைச் சொல்லும்போது ‘ரிலிஜன் ஆர் பிலீஃப்’ என்கிறது, அது நம்பிக்கை. அடுத்த 12ஆம் பிரிவு பேச்சுரிமைக்கானது. அதில் ‘ஹோல்ட் ஒபினியன்ஸ்’ என்றும் ‘ரிசீவ் அண்ட் இம்பார்ட் ஐடியாஸ் அண்ட் இன்ஃபர்மேஷன்’ என்றும் வருகிறது. ஒபினியனை ஒருவர் தன்னிடம் வைத்திருக்கிறார், ஐடியாவை வாங்குகிறார், கொடுக்கிறார். முன்னது சொந்த வீடு மாதிரி, சொந்தக்காரர் பெயர் இல்லாமல் நிற்காது. பின்னது சந்தைச் சரக்கு, கை மாறிக்கொண்டே இருக்கும். சட்டம் எழுதியவர்கள் அலங்காரத்துக்காக நாலு சொல் போடவில்லை.

பதிப்புரிமையிலும் இதே கதைதான். அறிவுசார் சொத்துரிமை பற்றிய உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தத்தில் 9ஆம் பிரிவு, பதிப்புரிமை ‘எக்ஸ்பிரஷ’னுக்கு உண்டு, ‘ஐடியா’வுக்கு இல்லை என்கிறது. ஐடியா யார் கைக்கும் போகும். அதைச் சொன்ன விதம்தான் ஒருவருக்குச் சொந்தம். அதே வரியில் கணிதத்துக்கு மட்டும் ‘மேத்தமேட்டிக்கல் கான்செப்ட்ஸ்’ என்று சொல் மாறுகிறது. ஏன் மாறுகிறது என்பதைக் கான்செப்ட் வரும்போது சொல்கிறேன்.

ஒரே காட்சியில் எல்லாச் சொற்களையும் வைத்துப் பார்த்தால் பிடிபடும். சைக்ளோன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கிளாஸ் த்ரீ, அதாவது மூன்றாம் நிலைப் புயல் எச்சரிக்கை, அறிவித்துவிட்டார்கள். வீட்டில் ஒருவர், “தண்ணி நிக்கறதுக்குள்ள டிரம்மெல்லாம் ரொப்பி வெச்சிரலாம்” என்கிறார். அது ஐடியா, எழுந்து போய்ச் செய்யலாம். பாட்டிக்குக் கரோல் (1960), ஜெர்வேஸ் (1975) ஆகிய பழைய புயல்கள் ஞாபகம் வந்து, இருட்டில் கூரை பறக்கும் ஓசையை நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. அது தாட்: ‘தி தாட் ஆஃப் அனதர் சைக்ளோன்’. நள்ளிரவில் காற்று சட்டென்று அடங்குகிறது. “புயல் போயிருச்சு, வெளிய போய்ப் பாக்கலாம்” என்கிறான் பேரன். அது நோஷன், மேலோட்டமான, ஆதாரமில்லாத நினைப்பு, ஆபத்தான நினைப்பும்கூட. காற்று அடங்கியதற்குக் காரணம் புயலின் கண் தலைக்கு மேல் இருப்பது. கண் கடந்ததும் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் மறுபடி அடிக்கும். இந்த ‘கண்’ என்பது கான்செப்ட். அதற்கு வரையறை உண்டு. நம் வாக்குவா ஊரில் உள்ள வானிலை அலுவலகமும் ஜப்பானில் உள்ள அலுவலகமும் அதை ஒரே பொருளில்தான் ஆள்கின்றன. “இந்தத் தடவ எச்சரிக்கைய முன்கூட்டியே குடுத்திருக்கணும்” என்று மாமா சொல்வது ஒபினியன். அத்தை அதை ஒத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமில்லை.

இனி ஐடியா. நடைமுறையில் இதற்குக் கிட்டத்தில் வருவது ‘யோசனை’. இலக்கணத்தில்தான் வழுக்கும். தொழில் தொடங்குவது பற்றிய யோசனை என்றால் ‘அன் ஐடியா ஃபார் எ பிசினஸ்’. தொடங்கலாமே என்று தோன்றியது என்றால் ‘ஐ ஹேட் தி ஐடியா ஆஃப் ஸ்டார்ட்டிங் எ பிசினஸ்’. ‘ஆஃப்’ போட்டு ‘இங்’ வர வேண்டும். ‘ஐ ஹேவ் தி ஐடியா டு ஸ்டார்ட்’ என்பது நம் ஊர் மாணவர்கள் அடிக்கடி எழுதும் பிழை. ஆனால் யாருடைய யோசனை என்று சொல்லும்போது ‘டு’ சரிதான்: ‘இட் வாஸ் ஹெர் ஐடியா டு ஸ்டார்ட்’. ‘ஐ ஹேவ் நோ ஐடியா’ என்றால் யோசனை இல்லை என்று பொருளாகாது, “எனக்குச் சுத்தமாத் தெரியாது” என்று பொருள். விலை கேட்டவரிடம் ‘டு கிவ் யூ அன் ஐடியா’ என்று தொடங்கினால், தோராயமாகச் சொல்கிறேன் என்று அர்த்தம். ஒரே சொல் யோசனைக்கும் தோராயத்துக்கும் அறிவுக்கும் ஓடுவதால்தான் மாணவர்கள் எல்லாவற்றுக்கும் அதையே போட்டுவிடுகிறார்கள். ஆசிரியை வட்டம் போட்டது பிழைக்காக மட்டும் இருக்காது, சலிப்புக்காகவும் இருக்கலாம்.

மெய்யியல் பாடம் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 17ஆம் நூற்றாண்டின் ஜான் லாக் மனதில் இருக்கும் எதையும் ஐடியா என்றே அழைத்தார். அவருக்குப் பின் வந்த டேவிட் ஹியூம், புலன்வழி உறைப்பாகப் பதிவதை இம்ப்ரெஷன் என்றும் அதன் மங்கிய நகலை ஐடியா என்றும் பிரித்தார். அது அவர்களுடைய கலைச்சொல் வழக்கு. ஜெனரல் பேப்பரில் அதைக் கொண்டுவந்து குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தாட் இரண்டு உடையில் வரும். எண்ண முடியாத தாட் என்பது சிந்தனை, யோசிக்கும் வேலை: ‘கிவ் இட் சம் தாட்’ என்றால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், ‘லாஸ்ட் இன் தாட்’ என்றால் சிந்தனையில் மூழ்கியிருக்கிறார், நடுவில் ‘எ’யும் வராது ‘தி’யும் வராது. எண்ணக்கூடிய தாட் என்பது மனதில் வந்துபோகும் ஒற்றை நினைவு: ‘எ தாட் கிராஸ்ட் மை மைண்ட்’. அதை யாரும் முயன்று வரவழைப்பதில்லை, தானாக வரும். உணர்ச்சி ஒட்டியிருந்தால் பெரும்பாலும் தாட்தான். துக்க வீட்டுக்குச் செய்தி அனுப்பும்போது ‘மை தாட்ஸ் ஆர் வித் யூ’ என்கிறோம். அங்கே ‘ஐடியாஸ்’ என்று எழுதினால் துக்க வீட்டிலும் சிரித்துவிடுவார்கள்.

அலுவலகத்தில் பயன்படும் ஒரு நுணுக்கம்: மேலாளர் ஒரு திட்டத்தை அனுப்பி ‘எனி தாட்ஸ்?’ என்று கேட்டால், மேசைமேல் இருப்பதைப் பற்றி என்ன தோன்றுகிறது என்று கேட்கிறார். ‘எனி ஐடியாஸ்?’ என்று கேட்டால் மேசை காலி, புதிதாக ஏதாவது சொல்லுங்கள் என்கிறார். முதல் கேள்விக்குப் புதுத் திட்டம் ஒன்றை எழுதி அனுப்பினால், அவர் திட்டத்தை ஓரம் கட்டியது போலாகிவிடும்.

எழுத்துப் பிழை ஒன்றும் இங்கே உண்டு. நம் ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலிலும் பிரெஞ்சிலும் ‘தாட்’டின் முதல் ஒலி கிடையாது. நாக்கு ‘டாட்’ என்று சொல்ல, கையும் அதையே எழுதிவிடும். அப்போது “உன்னை நினைத்தேன்” என்பது “பாடம் நடத்தினேன்” என்றாகிவிடும். பரீட்சையில் இந்த ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பது நல்லது.

நோஷன்தான் இந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதில் பேசுபவரின் முகபாவம் தெரியும். ‘ஹி ஹேஸ் எ நோஷன் தட்…’ என்று தொடங்கினாலே, சொல்பவர் அதை நம்பவில்லை என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும். கூட வரும் வினைகளைப் பாருங்கள்: ‘டிஸ்பெல் எ நோஷன்’ என்றால் அதைப் போக்குவது, ‘ரிஜெக்ட் எ நோஷன்’ என்றால் தள்ளுவது, முன்கூட்டியே மனதில் ஊறிப்போன எண்ணங்களுக்கு ‘ப்ரீகன்சீவ்ட் நோஷன்ஸ்’. பாதிக்கு மேல் அதை விரட்டும் வினைகள். தமிழில் ‘நினைப்பு’ அப்படியே பொருந்தும். “தான் பெரிய ஆளுன்னு அவனுக்கு நினைப்பு”, “நினைப்புதான் பொழப்பைக் கெடுக்குது” என்னும்போது வரும் அந்த உதட்டுச் சுழிப்புதான் நோஷன். அயர்லாந்து ஆங்கிலத்தில் ஒருத்திக்கு ‘நோஷன்ஸ்’ இருக்கிறது என்றால், தன்னைப் பெரிதாக நினைத்துக்கொண்டு திரிகிறாள் என்றே அர்த்தம். மதுரையும் டப்ளினும் இந்த ஒரு விஷயத்தில் கைகோத்துக்கொள்கின்றன. அமெரிக்கத் துணிக்கடையில் ‘நோஷன்ஸ்’ பிரிவு என்று எழுதியிருந்தால் மட்டும் அங்கே ஊசி, நூல், பொத்தான் விற்கிறார்கள்.

மொரிஷியஸில் படித்தவருக்கு நோஷன் காலை வாருவதற்குக் காரணம் பிரெஞ்சு. பிரெஞ்சின் ‘நோசியோன்’ என்பது அடிப்படை அறிவு. ஒரு மொழியில் ‘கெல்க் நோசியோன்’ இருக்கிறது என்றால் கொஞ்சம் தெரியும் என்று பொருள். அதை அப்படியே வேலை விண்ணப்பத்தில் ‘ஐ ஹேவ் சம் நோஷன்ஸ் ஆஃப் டமில்’ என்று எழுதினால், ஆங்கிலம் மட்டும் தெரிந்த அதிகாரி, இவருக்குத் தமிழைப் பற்றி ஏதோ விசித்திரமான நினைப்புகள் இருக்கின்றன போலும் என்று படிப்பார். ‘பேசிக் நாலெட்ஜ்’ என்பதே சரி. விண்ணப்பத்திலேயே மாட்டிக்கொள்ளும் இன்னொரு சொல் ‘கன்செப்ஷன்’. பிரெஞ்சில் மென்பொருளையோ வீட்டையோ வடிவமைப்பது ‘கோன்செப்சியோன்’. ஆங்கிலத்தில் அதற்கு ‘டிசைன்’ மட்டும்தான். ‘கன்செப்ஷன் ஆஃப் வெப்சைட்ஸ்’ என்று போட்டால், மருத்துவ வாடை அடிக்கும். கருத்தரிப்புக்கும் அதே சொல்தான்.

அந்தக் கருத்தரிப்பிலிருந்தே கான்செப்டுக்கும் வரலாம். லத்தீனில் உள்ளே வாங்கிக்கொள்ளுதல், கருக்கொள்ளுதல் என்ற வினையிலிருந்து வந்த சொல் இது. நம்முடைய ‘கருத்தாக்கம்’ அருகில் வரும். ஐடியா ஒருவருக்குத் தோன்றும். கான்செப்ட் பலரும் சேர்ந்து வரையறுத்து, பாடப்புத்தகத்தில் ஏற்றி வைத்தது. புவியீர்ப்பு, பணவீக்கம், சுழியம், சட்டத்தின் ஆட்சி ஆகியவை கான்செப்டுகள். இவற்றுக்கு வரும் வினைகள் ‘டிஃபைன்’, ‘எக்ஸ்ப்ளெய்ன்’, ‘கிராஸ்ப்’. அதாவது வரையறுக்கலாம், விளக்கலாம், புரிந்துகொள்ளலாம். டிரிப்ஸில் கணிதத்துக்கு மட்டும் சொல் மாறியது இதனால்தான். சோதனை சுலபம்: “இதற்கு வரையறை எழுது” என்று பரீட்சையில் கேட்க முடியுமா? முடிந்தால் கான்செப்ட். “நாளைக்குக் கடற்கரைக்குப் போகலாம்” என்பதற்கு யாரும் வரையறை கேட்க மாட்டார்கள். அதைப் போய் ‘ஐ ஹேவ் எ கான்செப்ட்’ என்று சொல்வது விளம்பரக் கம்பெனிக்காரர் பேச்சு. ஒரு விதிவிலக்கு: ‘ஹி ஹேஸ் நோ கான்செப்ட் ஆஃப் டைம்’ என்றால் நேரம் என்ற ஒன்று இருப்பதே அவருக்கு உறைக்காது என்று திட்டுவது. அது நல்ல ஆங்கிலம்தான்.

கான்செப்ட் ஊருக்குப் பொது. கன்செப்ஷன் என்பது அதை ஒருவர் புரிந்துகொண்ட விதம். நீதி என்ற கான்செப்ட் ஒன்றுதான், எது நீதி என்பதில் ஆளுக்கொரு கன்செப்ஷன் இருக்கலாம். அமெரிக்க மெய்யியலாளர் ஜான் ரால்ஸ் நீதியைப் பற்றி எழுதும்போது இந்த இரண்டையும் பிரித்தே ஆண்டார். புரிதல் தவறாகப் போனால் ‘மிஸ்கன்செப்ஷன்’. ‘மிஸ்கான்செப்ட்’ என்று எழுதக்கூடாது.

ஒபினியன், வியூ இரண்டிலும் வீட்டுமொழி இன்னும் அதிகமாக ஊடுருவும். கிரியோலில் ‘தாப்ரே ம்வா’ என்று சொல்லிப் பழகிய வாய், ஆங்கிலத்தில் ‘அக்கார்டிங் டு மீ’ என்று தொடங்கும். ஆங்கிலத்தில் அது எடுபடாது. ‘அக்கார்டிங் டு’ என்பது மூன்றாம் ஆளையோ, செய்தித்தாளையோ, அறிக்கையையோ சான்று காட்டுவதற்கு. நமக்கு நாமே சான்று சொல்ல முடியாது. ‘இன் மை ஒபினியன்’ அல்லது ‘இன் மை வியூ’ என்று எழுதுங்கள். பிரெஞ்சின் ‘அ மொன் ஆவி’யை நினைத்து ‘அட்வைஸ்’ என்று எழுதுபவர்களும் உண்டு. அது அறிவுரை, அபிப்பிராயம் இல்லை. கிரியோலின் ‘சான்ஸ் லிதே’ என்பதை ‘சேஞ்ச் ஐடியா’ என்று மொழிபெயர்ப்பது அடுத்த பிழை. ஆங்கிலத்தில் மாறுவது ‘மைண்ட்’. இந்த இடத்தில் தமிழில் யோசித்திருந்தால் தப்பித்திருக்கலாம், “மனசு மாறிட்டேன்” என்றுதானே நாம் சொல்கிறோம்.

ஒபினியனைச் ‘சொல்ல’க் கூடாது. ‘சே மை ஒபினியன்’ தவறு. ‘கிவ்’ அல்லது ‘எக்ஸ்பிரஸ்’ போடுங்கள். வியூ கொஞ்சம் யோசித்து எடுத்த நிலை. பெரும்பாலும் பன்மையில், ‘ஆன்’ சேர்த்து வரும்: ‘ஹெர் வியூஸ் ஆன் எஜுகேஷன்’. ‘பாயிண்ட் ஆஃப் வியூ’ வேறு. அது எங்கே நின்று பார்க்கிறோம் என்பது. வாடகைக்காரர் கோணத்திலிருந்து, வீட்டுக்காரர் கோணத்திலிருந்து என்று சொல்லும்போது அது வரும். இன்னொன்று வினையில்: அபிப்பிராயம் சொல்லும்போது ‘ஐ திங்க்’ மட்டுமே, ‘ஐ ஆம் திங்கிங் தட் ஹி இஸ் ரைட்’ என்பது தமிழ் ‘நினைத்துக்கொண்டிருக்கிறேன்’ வழியாக நுழைந்த பிழை.

மிச்சமுள்ளவற்றை வேகமாகப் பார்ப்போம். ‘பட்சி சொல்லுது’ என்கிறோமே, அது ஹன்ச். இன்க்ளிங் என்பது லேசான வாடை. பெரும்பாலும் எதிர்மறையில்தான் வரும், ‘ஐ ஹேட் நோ இன்க்ளிங்’ என்று. இன்சைட் பெரும்பாலும் ‘இன்டு’வோடு வந்து உள்ளே துளைத்துப் பார்க்கும். ஹைபோதிசிஸ் கருதுகோள், சோதித்துப் பார்ப்பதற்காகவே வைத்தது. பிரெஞ்சின் ‘ரெஃப்லெக்சியோன்’ சில நேரம் குத்தலாகச் சொன்ன பேச்சைக் குறிக்கும். ஆங்கிலத்தின் ரிஃப்ளெக்ஷன், மனதைப் பற்றிச் சொல்லும்போது, ஆழ்ந்த சிந்தனை. இம்ப்ரெஷனில் ஒரு பொறி இருக்கிறது: ‘ஐ காட் தி இம்ப்ரெஷன்’ என்றால் அப்படித் தோன்றியது, அவ்வளவே. ‘ஐ வாஸ் அண்டர் தி இம்ப்ரெஷன்’ என்றால் அப்படி நினைத்திருந்தேன், அது தவறு என்று இப்போது தெரிகிறது என்ற பொருள் பெரும்பாலும் கூடவே வரும். பணம் வந்துவிட்டதா என்று கேட்கும் கடிதத்தில் இரண்டாவதைப் போட்டால், எதிராளியை மென்மையாகக் குற்றம் சாட்டுவதாகும்.

இப்போது தங்கையின் பத்தி. ஆறு வாக்கியங்கள், ஐந்து ஐடியாக்கள்.

‘அக்கார்டிங் டு மீ, தி டெத் பெனல்டி இஸ் ராங்.’ இதை ‘இன் மை வியூ’ ஆக்குங்கள். இரண்டாவது, ‘மை ஐடியா இஸ் தட் இட் டஸ் நாட் ஸ்டாப் கிரைம்’. முதல் வாக்கியத்திலேயே உங்கள் பார்வை என்று சொல்லியாகிவிட்டது. ‘மை ஐடியா இஸ் தட்’ முழுவதையும் வெட்டிவிட்டு ‘இட் டஸ் நாட் ஸ்டாப் கிரைம்’ என்றே எழுதலாம். மூன்றாவது, ‘பீப்பிள் ஹேவ் தி ஐடியா தட் ஹேங்கிங் ஃப்ரைட்டன்ஸ் கிரிமினல்ஸ்’. மற்றவர்கள் நினைப்பது, நீங்கள் ஏற்காதது. ஆகவே ‘தி நோஷன் தட் ஹேங்கிங் ஃப்ரைட்டன்ஸ் கிரிமினல்ஸ் இஸ் வைட்ஸ்பிரெட்’. நான்காவது, ‘தி ஐடியா ஆஃப் ஜஸ்டிஸ் இஸ் டிஃபரன்ட் ஃப்ரம் ரிவென்ஜ்’. இலக்கணப் பிழை இல்லை, ஆனால் வரையறுக்கக்கூடிய இரண்டை ஒப்பிடுகிறீர்கள். ‘தி கான்செப்ட் ஆஃப் ஜஸ்டிஸ் டிஃபர்ஸ் ஃப்ரம் தட் ஆஃப் ரிவென்ஜ்’ என்றால் வாதம் இறுகும். ஐந்தாவது, ‘தி ஐடியா ஆஃப் அன் இன்னசன்ட் மேன் பீயிங் ஹேங்ட் இஸ் டெரிபிள்’. இங்கே மனம் பதறுகிறது. ‘தி தாட் ஆஃப்’ வர வேண்டும், ‘டெரிபிள்’ என்பதைவிட ‘அன்பேரபிள்’ அதோடு நன்றாகச் சேரும். ஆறாவது, ‘மை ஐடியா இஸ் டு கிவ் லைஃப் இம்பிரிசன்மென்ட்’. இது செய்யக்கூடிய யோசனை, இங்கே மட்டும் ஐடியா இருக்கலாம்: ‘எ பெட்டர் ஐடியா வுட் பி லைஃப் இம்பிரிசன்மென்ட்’. ஆனால் மொரிஷியஸ் 1995லேயே மரண தண்டனையை ஒழித்துவிட்டதால், எந்த நாட்டுக்கு இந்த யோசனை என்பதைத் தங்கை ஒரு சொல்லில் குறிக்க வேண்டும்.

மூன்றாவது வாக்கியத்தில் இன்னும் ஒரு வேலை பாக்கி. நோஷன் என்று எழுதிவிட்டால் அடுத்த வரியிலேயே அதை மறுப்பதற்கு ஏதாவது காட்ட வேண்டும். தேர்வாளர் அதை எதிர்பார்ப்பார். காட்டுவதற்கு ஒன்றும் கையில் இல்லையென்றால் அந்த இடத்தில் ‘பிலீஃப்’ என்று மாற்றிவிடச் சொல்லுங்கள்.